கோரிங்கின் கையெழுத்தையும் காட்டுங்கள்: போர் வரலாறு சொல்லும் யூடியூபர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இரண்டாம் உலகப் போரைத் தமிழில் சொல்லும் உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கிறவள் நான். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரே பாடவேளையில் மொத்தப் போரையும் முடித்துவிட்டு ஐ.நா. சபைக்கு ஓட வேண்டிய வேலை அது. அதனால், ஒரு போர்முனைக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கும் உங்கள்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு நீங்கள் காட்டும் அழகில், டான் நதி எந்தப் பக்கம் வளைகிறது என்பதுவரை பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

குறை ஹெர்மன் கோரிங்கைப் பற்றியது. ஹிட்லருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அவரைப் பற்றிய காணொளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாதையில் போகின்றன. முதல் உலகப் போரில் 22 விமானங்களை வீழ்த்திய வீரர், ‘சிவப்பு பாரன்’ ரிக்ட்ஹோஃபெனின் படைப்பிரிவுக்குக் கடைசித் தளபதி. அப்புறம் மார்ஃபின் பழக்கம். நெஞ்சு கொள்ளாத பதக்கங்கள், வீட்டில் வளர்த்த சிங்கக்குட்டி, ஏமாந்து வாங்கிய போலி ஓவியம். டன்கிர்க், பிரிட்டன், ஸ்டாலின்கிராட் என்று வரிசையாக வாய்ச்சவடால். கடைசியில் ஒரு தந்தி, ஹிட்லரின் செயலாளர் போர்மனின் சதி, சிறையில் சயனைடு. முதல் பாதிக்கு மாஸ் பின்னணி இசை, இரண்டாம் பாதி காமெடி, முடிவில் சோக வயலின்.

இவற்றில் பொய் அதிகம் இல்லை. ஆனால் பார்த்து முடிக்கிற பிள்ளையின் மனதில் என்ன தங்குகிறது? ஜாலியான ஒரு குண்டு மனிதர், கொஞ்சம் பேராசைக்காரர், இருபது வருஷம் விசுவாசமாக இருந்தும் தலைவரால் தூக்கி எறியப்பட்டவர், பாவம். அந்த மனிதர் எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்பது மட்டும் எங்கும் வருவதில்லை. உங்களிடம் நான் கேட்பதெல்லாம் அந்தத் தாள்களைத்தான்.

1933-இலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கதைகளில் இந்த வருஷம் ஒரு நிமிடத்தில் கடந்துபோகிறது. ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானபோது அமைச்சரவையில் நாஜிகள் மொத்தம் மூன்றே பேர்: ஹிட்லர், ஃப்ரிக், கோரிங். மற்றவர்கள் எல்லாம் பழமைவாதிகள். ஹிட்லரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி வேலி கட்டிவிட்டோம் என்று துணைப் பிரதமர் பாப்பன் நினைத்துக்கொண்டார். கோரிங்குக்குத் துறை இல்லாத அமைச்சர் பதவி, கூடவே பிரஷ்யா மாநிலத்தின் உள்துறைப் பொறுப்பு. கேட்பதற்குச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஜெர்மனியின் நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா. அந்த மாநிலத்தின் போலீஸ் முழுக்க அவர் கைக்கு வந்தது. பாப்பன் வேலி கட்டிக்கொண்டிருந்தார், இவர் கேட்டின் சாவியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த நான்கு வாரங்களில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 17 அன்று போலீசுக்கு ஓர் உத்தரவு: எதிரிகள்மேல் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறவருக்கு விளைவு எதுவானாலும் அரசு துணை நிற்கும், தயங்குகிறவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை பாயும். சில நாளில் டோர்ட்மண்டில் பேசும்போது, போலீஸ் துப்பாக்கியிலிருந்து பாயும் ஒவ்வொரு குண்டும் என் குண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். பிப்ரவரி 22 அன்று 50,000 பேர் துணைப் போலீசாகச் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் கட்சியின் சீருடைப் படைகளான எஸ்.ஏ., எஸ்.எஸ். ஆட்கள். நேற்றுவரை தெருவில் அடிதடி செய்தவன் கையில் ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு இன்று சட்டத்தின் ஆளாகிவிட்டான். 27-ஆம் தேதி இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திட, தனிமனித உரிமைகள் போயின. ஏப்ரலில் கெஸ்டாபோ என்ற ரகசியப் போலீசை உருவாக்கியது கோரிங். ஆமாம், எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் இல்லை. ஹிம்லருக்கு அது கைமாறியது 1934-இல்தான். கெஸ்டாபோ என்றதும் ஹிம்லரின் மூக்குக்கண்ணாடியைத் திரையில் காட்டுகிறீர்களே, முதல் வருஷத்துக்காவது கோரிங்கைப் போடுங்கள்.

அதே வருஷத்தில் உங்களுக்கு ஒரு முழு காணொளியே காத்துக்கிடக்கிறது. நாடாளுமன்றத் தீ வழக்கை லைப்சிக்கின் உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களில் ஒருவர் பல்கேரியக் கம்யூனிஸ்ட் டிமிட்ரோவ். நவம்பரில் கோரிங் சாட்சி சொல்ல வந்தார். கைதி கேள்வி கேட்கிறார், அமைச்சர் பதில் சொல்லித் தடுமாறுகிறார். கடைசியில் பொறுமை இழந்து, நீதிமன்றத்தின் பிடியிலிருந்து நீ வெளியே வா, பார்த்துக்கொள்கிறேன் என்ற தொனியில் கத்திவிட்டார். கேள்விகளைக் கண்டு பயப்படுகிறீர்களா என்று டிமிட்ரோவ் கேட்டார். அந்த நேரத்தில் ஜெர்மனியில் கோரிங்கை நேருக்கு நேர் அப்படிக் கேட்க வேறு யாருக்குத் துணிச்சல் இருந்தது? டிசம்பரில் டிமிட்ரோவ் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானது. தீ வைத்ததாகப் பிடிபட்ட டச்சுக்காரர் வான் டெர் லூபே மட்டும் மறு மாதம் தலை வெட்டப்பட்டுச் செத்தார்.

அங்கிருந்து கோரிங்கின் ஏற்றம் வேகமானது. உங்களுக்கும் தெரிந்தது என்பதால் ஓடிவிடுகிறேன். 1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் தன் எஸ்.ஏ. தலைவர்களையே தீர்த்துக்கட்டியபோது பெர்லின் பக்கத்துப் பொறுப்பு இவருக்கு. 1935-இல் ரகசியமாக இருந்த விமானப்படை வெளியே வந்தது, தளபதி இவர். 1936-இல் நான்காண்டுத் திட்டம், அதாவது போருக்காகப் பொருளாதாரத்தைத் தயார்செய்யும் வேலை. மறு வருஷம் இவர் பெயரிலேயே ஓர் அரசு எஃகு நிறுவனம். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியது பெரும்பாலும் இவருடைய தொலைபேசியால். வியன்னாவுக்கு மணிக்கொரு தரம் கூப்பிட்டு யார் ராஜினாமா செய்ய வேண்டும், யார் பதவியேற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேடிக்கை என்னவென்றால் அந்த உரையாடல்கள் எல்லாம் எழுத்தில் பதிவாகி, போருக்குப் பிறகு அவருடைய அமைச்சகத்திலேயே கிடைத்தன. ஒட்டுக்கேட்கவென்று ஒரு பெரிய அலுவலகத்தை நடத்தியவர் இவர்தான்.

இனி நிதானமாகப் போக வேண்டிய இடம். 1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்ட கதையை நீங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தூண்டியவர் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் என்பதும் சரி. ஆனால் அந்தக் கதை உடைந்த கண்ணாடியோடு நின்றுவிடுகிறது. நவம்பர் 12 அன்று விமானத்துறை அமைச்சகத்தில் ஒரு கூட்டம் நடந்தது, தலைமை கோரிங். அங்கே பேசியதன் சுருக்கெழுத்துப் பதிவின் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது. எரிந்த கடைகளுக்குக் காப்பீட்டுப் பணம் யார் தருவது, கண்ணாடியை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது என்று கணக்கு பார்க்கிறார்கள். இவ்வளவு பொருளை நாசம் செய்ததற்குப் பதில் இருநூறு யூதர்களை அடித்துக் கொன்றிருக்கலாமே என்று கோரிங் சலித்துக்கொள்கிறார். கொன்றது போதாது என்பதைவிடப் பொருள் போனதே என்பதுதான் அவருக்கு வருத்தம். முடிவு: ஜெர்மனியின் யூதர்கள்மேல் 100 கோடி ரைஷ்மார்க் அபராதம். காப்பீட்டுத் தொகை அரசுக்கு. உடைந்ததைச் சரிசெய்யும் செலவு கடைக்காரர்களுக்கே. 1939 ஜனவரி 1 முதல் அவர்கள் கடை நடத்தவும் தொழில் செய்யவும் தடை. அடிபட்டவனே அபராதமும் கட்டவேண்டும் என்று ஓர் அலுவலக மேசையில் வைத்து எழுதினார்கள். அன்று சிங்கக்குட்டி எதுவும் அந்த அறையில் இல்லை.

போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 அன்று நாடாளுமன்றத்தில் ஹிட்லர் அறிவித்தார்: எனக்கு ஏதாவது ஆனால் அடுத்தவர் கோரிங். பிரான்ஸ் விழுந்த பிறகு 1940 ஜூலை 19 அன்று அவருக்காகவே ரைஷ்மார்ஷல் என்று ஒரு பதவி உருவானது. அதை வகித்தவர் அவர் ஒருவர்தான். 1941 ஜூன் 29 அன்று வாரிசுரிமை எழுத்திலும் ஆணையாக வந்தது. அந்தத் தேதியை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டன்கிர்க்கையும் பிரிட்டன் விமானப் போரையும் நான் தொடப்போவதில்லை. விமானப்படையே பார்த்துக்கொள்ளும் என்று கோரிங் சொல்ல, 3.38 லட்சம் பேர் கடல் தாண்டித் தப்பியதை நீங்கள் அருமையாகச் சொல்கிறீர்கள். 1940 செப்டம்பர் 7 முதல் விமானத்தளங்களை விட்டுவிட்டு லண்டன் பக்கம் குண்டுகள் திரும்பியதன் விளைவையும் அப்படித்தான். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் ஒரு குண்டு விழுந்தாலும் என் பெயரை மையர் என்று மாற்றிக் கூப்பிடுங்கள் என்று சொன்னாராம். பிறகு ஜெர்மானியர்கள் அபாயச் சங்கையே மையரின் வேட்டைக்கொம்பு என்று கேலி செய்தார்கள். இந்தக் கதை எல்லாக் காணொளியிலும் உண்டு, இருக்கட்டும்.

நான் கேட்பது 1941-ஐ. ஜூன் 22 அன்று சோவியத் நாட்டுக்குள் படை நுழைவதற்கு முன்பே, கைப்பற்றப்போகும் நிலத்தைச் சுரண்டுவதற்கென்று ஒரு பொருளாதார அமைப்பு தயாராகிவிட்டது. அது கோரிங்கின் அதிகாரத்தின் கீழ் இயங்கியது. மே 2-ஆம் தேதிக் கூட்டக் குறிப்பு ஒன்று சொல்வது இது: போரின் மூன்றாம் ஆண்டில் ஜெர்மன் படை முழுவதும் ரஷ்யாவிலிருந்தே சாப்பிட வேண்டும், நமக்குத் தேவையானதை எடுத்துவிட்டால் அங்கே பல கோடிப் பேர் பட்டினியால் சாவது நிச்சயம். அதே மாதம் 23-ஆம் தேதி வழிகாட்டுதல் இன்னும் விரிவானது. கோடிக்கணக்கான மக்கள் அங்கே உபரி, அவர்கள் சாகவோ சைபீரியாவுக்குப் போகவோ வேண்டியிருக்கும் என்று அது எழுதியது. கோபத்தில் கத்திய பேச்சு இல்லை இது, நிர்வாகக் குறிப்பு. விளைச்சல், உபரி, ரயில் வசதி என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் மனிதர்களும் கழித்தல் கணக்கில் வருகிறார்கள்.

செப்டம்பர் 16 அன்று கோரிங் தலைமையில் உணவு வரிசை தீர்மானமானது. முதலில் போரிடும் படை, அப்புறம் மற்ற படைகள், அப்புறம் தாய்நாட்டு மக்கள், மிச்சமிருந்தால் கைப்பற்றிய பகுதி மக்கள். சோவியத் போர்க்கைதிகளுக்குச் சோறு போடுவதில் எந்தச் சர்வதேசக் கடமையும் நமக்கு இல்லை, வேலை செய்கிற அளவுக்குத்தான் உணவு என்பதும் அங்கே பேசப்பட்டது. ஜெர்மனி பிடித்த சோவியத் போர்க்கைதிகள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது பசி, குளிர், நோய். கீவ் முற்றுகையில் இத்தனை லட்சம் பேர் சரணடைந்தார்கள் என்று எண்ணிக்கையைத் திரையில் பெரிதாகப் போட்டுவிட்டு அடுத்த போர்முனைக்குத் தாவுகிறீர்கள். அந்த லட்சங்கள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்களா என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தாவுங்கள்.

மறு வருஷம் ஆகஸ்ட் 6 அன்று, ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளை ஆண்ட அதிகாரிகளை எல்லாம் கூட்டிவைத்து கோரிங் பேசினார். உங்கள் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள், அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்கிறார். அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் கொள்ளை, இப்போது முறைகள் நாகரிகமாகிவிட்டன, ஆனாலும் நான் கொள்ளைதான் அடிக்கப்போகிறேன், நன்றாகவே அடிக்கப்போகிறேன் என்கிறார். இந்தப் பேச்சும் அப்படியே பதிவாகி, போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்துக்கு வந்தது.

ஒரு தாளை மட்டும் பின்னால் வைத்தேன். 1941 ஜூலை 31. ஹிம்லரின் கீழ் பாதுகாப்புப் போலீசை நடத்திய ஹெய்ட்ரிக்குக்கு ஒரு சிறிய அதிகாரக் கடிதம். ஐரோப்பாவில் ஜெர்மனியின் செல்வாக்குக்கு உட்பட்ட பகுதிகளில் யூதப் பிரச்சினைக்கு முழுமையான தீர்வு காண, அமைப்பு, நடைமுறை, நிதி என எல்லா ஏற்பாடுகளையும் செய்துகொள்ளுங்கள் என்று அது சொல்கிறது. வாசகத்தைத் தயாரித்தவர்கள் ஹெய்ட்ரிக்கின் ஆட்கள். கீழே கையெழுத்து கோரிங்குடையது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே மாளிகையில், யூதர்களைக் கொன்றொழிக்கும் திட்டத்துக்காகப் பல துறை அதிகாரிகளைக் கூட்டியபோது ஹெய்ட்ரிக் முதலில் காட்டிய அதிகாரம் இந்தக் கடிதம்தான். வான்சே பற்றி உங்களில் சிலர் நல்ல காணொளி செய்திருக்கிறீர்கள். அதில் கோரிங்கின் பெயரே வராமல் எப்படிப் போனது என்று புரியவில்லை.

சரி, ஸ்டாலின்கிராட். 1942 நவம்பர் 23 அன்று சோவியத் படையின் வளையம் மூடியது. உள்ளே ஜெர்மன் தரப்பின் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களுக்குத் தினமும் 500 டன் தேவை, 300-ஆவது வந்தே தீர வேண்டும். வான்வழியாகத் தர முடியும் என்று கோரிங் ஒப்புக்கொண்டார். களத்தில் இருந்த விமானப்படைத் தளபதி வோல்ஃப்ராம் ஃபான் ரிக்ட்ஹோஃபென் முடியாது என்றார். சராசரியாகப் போய்ச்சேர்ந்தது 100 டன்னைச் சுற்றித்தான். நீங்கள் இதை வெறும் முட்டாள்தனம் என்று சொல்லி முடிக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஹிட்லருக்குப் பின்வாங்க மனமில்லை, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தலைவர் கேட்க விரும்பியதைச் சொல்லிச் சொல்லியே மேலே வந்த ஒருவர் அன்றைக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடுவாரா? டன் கணக்கு அந்த அறையில் இரண்டாம் பட்சம்.

1943 ஜனவரி 30, நாஜி ஆட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவு. கோரிங் வானொலியில் பேச வேண்டிய நேரத்தில் பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானங்கள் பெர்லினுக்கு மேலே வந்துவிட்டன. விமானப்படைத் தளபதியின் பேச்சே எதிரி விமானத்தால் தாமதமானது. பிறகு பேசியபோது தெர்மோபிலேயில் செத்த ஸ்பார்ட்டா வீரர்களை ஸ்டாலின்கிராடில் இருந்தவர்களுக்கு உவமையாக்கினார். அவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். சுமார் 91,000 பேர் கைதானார்கள்.

அதற்குப் பிறகு அவர் தேய்ந்தது உண்மை. ஆயுத உற்பத்தி ஏற்கெனவே ஆல்பெர்ட் ஸ்பீர் கைக்குப் போயிருந்தது. கட்சியையும் ஹிட்லரின் கதவையும் போர்மன் பிடித்துக்கொண்டார், போலீஸ் ஹிம்லரிடம். விமானத் தயாரிப்பைப் பார்த்த உடெட் 1941 நவம்பரிலும், தலைமைப் படைஅதிகாரி யெஷோனெக் 1943 ஆகஸ்டிலும் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். கோரிங் பெர்லினுக்கு வடக்கே இருந்த காரின்ஹால் மாளிகையிலும் ஓவியங்களிலும் மூழ்கினார். பாரிஸின் ழூ த போம் அருங்காட்சியகத்துக்கு, யூதர்களிடம் பறித்த ஓவியங்களில் தனக்கு வேண்டியதைப் பொறுக்க இருபது முறை போயிருக்கிறார். அங்கே வேலை பார்த்த ரோஸ் வலான் என்ற பெண்மணி, ஜெர்மன் மொழி தெரியாதவர்போல் இருந்துகொண்டு எந்த ஓவியம் எங்கே போகிறது என்று ரகசியமாகக் குறித்துவைத்தார். டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்தது என்று போலியை விற்ற வான் மீகெரன் உங்கள் எல்லோருக்கும் பிடித்த பாத்திரம். அதற்கு விலையாகக் கொடுத்த 137 ஓவியங்களில் பெரும்பகுதி திருட்டுப் பொருள் என்பதையும் ரோஸ் வலானையும் அந்தக் காணொளியில் சேர்த்தால் பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டு மறக்க மாட்டார்கள்.

இத்தனை தோல்விக்குப் பிறகும் வாரிசு ஆணை ரத்தாகவில்லை. ஹாம்பர்க் எரிந்தபோதும் இல்லை, ஜெர்மன் வானம் முழுக்கக் கைவிட்டுப் போனபோதும் இல்லை. எல்லா உலகுக்கும் முன்னால் தானே நியமித்த வாரிசை நீக்கினால் தன் தேர்வு தப்பு என்றாகிவிடும், ஹிட்லருக்கு அது முடியாது. கோரிங் கடைசியாக விழுந்தது எதனால்? அந்த ஆணையை உண்மை என்று நம்பியதால். 1945 ஏப்ரல் 22 அன்று பதுங்குக்குழியில் ஹிட்லர் உடைந்துபோய், பேச்சுவார்த்தை என்று வந்தால் என்னைவிட கோரிங்தான் சரி என்றிருக்கிறார். விமானப்படையின் தலைமைப் படைஅதிகாரி கார்ல் கோலர் பறந்துபோய் அதை பவேரிய மலைப்பகுதியான ஓபெர்சால்ஸ்பெர்கில் இருந்த கோரிங்கிடம் சொன்னார். கோரிங் சட்டம் தெரிந்த லாமர்ஸைக் கூப்பிட்டு 1941 ஜூன் 29 ஆணை இன்னும் செல்லுமா என்று கேட்டார். செல்லும். ஏப்ரல் 23 அன்று தந்தி போனது: அந்த ஆணைப்படி நான் பொறுப்பேற்கலாமா, இரவு பத்து மணிக்குள் பதில் இல்லையென்றால் நீங்கள் சுதந்திரமாகச் செயல்பட முடியாத நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்த போர்மன் அதைத் துரோகம் என்று காட்டினார். எல்லாப் பதவியும் பறிபோனது, எஸ்.எஸ். காவலில் வீட்டுச்சிறை. வானொலியில் சொன்ன காரணம் இதய நோய். ஏப்ரல் 29 உயிலில் ஹிட்லர் அவரைக் கட்சியிலிருந்தே நீக்கிவிட்டு கடற்படைத் தளபதி டோனிட்ஸை வாரிசாக்கினார்.

உங்கள் வயலின் தொடங்குவது இங்கேதான். இரண்டு பேருக்கு நடுவில் நடந்த பதவிச் சண்டை இது. இதில் கோரிங் இழந்தது ஒரு நாற்காலி, அதுவும் எரிந்துகொண்டிருந்த கட்டடத்தில் இருந்தது. அதை அவருடைய வீழ்ச்சி என்று தலைப்புப் போட்டால், ஹிட்லரின் கோணத்திலிருந்து கதை சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அவரை உண்மையில் வீழ்த்தியது நியூரம்பெர்க்.

மே மாதம் அமெரிக்கர்களிடம் சரணடைந்தபோது விருந்தாளியைப்போல் வந்தார். சிறையில் மருந்துப் பழக்கத்தை நிறுத்தவைத்தார்கள், உடம்பு இளைத்தது, புத்தி கூர்மையானது. 1946 மார்ச்சில் சாட்சிக்கூண்டில் ஏறியபோது அமெரிக்க வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சனையே எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோனார். இந்தப் பகுதியை நீங்கள் கெத்து என்று சொல்லி எடிட் செய்கிறீர்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த நாட்களையும் போடுங்கள். ஜாக்சன் வாதம் செய்வதை விட்டுவிட்டு தாள்களை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். நவம்பர் 12 கூட்டக் குறிப்பு வந்தது. இருநூறு யூதர்களைப் பற்றிய அந்த வார்த்தையைச் சொன்னீர்களா என்ற கேள்விக்கு, ஆமாம், கோபத்தில் சொன்னது, மனதார இல்லை என்றார். ஹெய்ட்ரிக் கடிதம் வந்தது. பிறகு பிரிட்டனின் வழக்கறிஞர் மேக்ஸ்வெல் ஃபைஃப், ஸ்டாலாக் லூஃப்ட் 3 என்ற ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிப் பிடிபட்ட நேச நாட்டு விமானப்படை அதிகாரிகள் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டு, தேதி தேதியாகக் கேட்டார். கூண்டில் இருந்தவர் வியர்த்தார். நான்கு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி. அவருடைய குற்றம் அளவில் தனித்தன்மையானது, இந்த மனிதருக்காகச் சொல்ல ஆவணங்களில் எந்தச் சமாதானமும் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. தூக்குக்குச் சில மணி நேரம் முன்பு, அக்டோபர் 15 இரவு, சயனைடைக் கடித்தார். ராணுவ வீரனைப்போலச் சுட்டுக் கொல்லுங்கள் என்ற அவருடைய கோரிக்கை அதற்கு முன்பே நிராகரிக்கப்பட்டிருந்தது.

அவர் பெயரில் சுற்றும் ஒரு மேற்கோள் அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மக்களுக்குப் போர் வேண்டாம்தான், ஆனால் நாம் தாக்கப்படுகிறோம் என்று சொல்லி, அமைதி பேசுகிறவர்களைத் தேசபக்தி இல்லாதவர்கள் என்று திட்டினால் போதும், எந்த நாட்டிலும் பின்னால் வந்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். 1946 ஏப்ரலில் சிறையில் உளவியலாளர் கில்பர்ட்டிடம் சொன்னது, உண்மைதான். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரரும் இதைப் பகிர்கிறார்கள். ஞானியின் எச்சரிக்கை மாதிரி பரவுகிறது. அதைச் சொன்னவர் கில்பர்ட்டோடு வாதாடி, ஜனநாயகத்திலும் இதேதான் என்று தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொண்டிருந்தார். அட்டை போடுகிறவர்கள் அந்தப் பாதியையும் போடலாம்.

கருத்துப் பகுதியில் வரப்போகிற பதில் எனக்குத் தெரியும். சர்ச்சிலைப் பற்றிச் சொன்னீர்களா, 1943 வங்கப் பஞ்சத்தைச் சொன்னீர்களா, நேதாஜி பெர்லினுக்குத்தானே போனார். வங்கப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் கோபமாகவே காணொளி செய்யுங்கள், முதல் ஆளாகப் பகிர்வேன். நேதாஜி 1941 முதல் 1943 பிப்ரவரி வரை ஜெர்மனியில் இருந்தார், பிரிட்டனின் எதிரி என்ற ஒரே கணக்கில். அவருடைய கணக்கை ஆராயலாம், வாதாடலாம். ஆனால் கிழக்கே அந்த ஆட்சி தானியத்தை எடுத்துக்கொண்டு ஆளைப் பட்டினி போட்ட விதம், வெள்ளைக்காரன் ஆட்சியில் பஞ்சம் பார்த்த நமக்கு அந்நியமானதா? தாது வருஷப் பஞ்சத்தின் பேச்சு இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. நமக்குத்தான் அந்த உணவு வரிசை சட்டென்று புரிய வேண்டும். கோரிங்கின் தகப்பனார் ஹைன்ரிக், ஜெர்மனியின் தென்மேற்கு ஆப்பிரிக்கக் காலனிக்கு, இன்றைய நமீபியாவுக்கு, முதல் ஆணையராகப் போனவர் என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பது பெரிதல்ல. தலைப்புப் படத்தில் பதக்கத்தோடு சிரிக்கும் கோரிங்கைப் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. உள்ளே 1933 பிப்ரவரி 17, 1938 நவம்பர் 12, 1941 ஜூலை 31, 1941 செப்டம்பர் 16, இந்த நான்கு தேதிகளும் வரட்டும். பழைய காணொளிகளை நீக்க வேண்டியதில்லை, கீழே ஒரு குறிப்பு ஒட்டினால் போதும். நியூரம்பெர்க் விசாரணையின் முழுப் பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் கேள்வியும் பதிலுமாக இருப்பதால் அப்படியே நாடகமாகச் செய்யலாம். உங்களில் குரல் வளம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது டிமிட்ரோவ் வழக்கை எடுத்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டத் தலைமையாசிரியரிடம் ஏற்கெனவே கேட்டுவைத்துவிட்டேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று ஆசிரியை